பிறவிக் கழுத்து இறுக்கம் (டோர்ட்டிகோலிஸ்): 7 வாரப் பிள்ளைக்கு வீட்டிலயும் மடுவத்திலயும் என்ன செய்யலாம்?

ஹட்டன்_மடுவம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு (வேலைக்குப் போற தாய்மாரோட பிள்ளைகளைப் பகல்ல பாத்துக்கிற இடம்) வரப்போற ஒரு பிள்ளையைப் பத்தி விபரம் கேக்கணும். பெண் பிள்ளை, வயசு 7 வாரம், தலைப்பிள்ளை. வயித்துக்குள்ள கால் கீழ்ப்பக்கமா இருந்ததால சிசேரியன் செஞ்சு எடுத்தது. பிறந்த நிறை 3.4 கிலோ.

தலை எந்நேரமும் வலது தோள் பக்கம் சாஞ்சிருக்கு, முகம் இடது பக்கம் திரும்பியிருக்கு. மூணாவது வாரத்தில வலது கழுத்தில ஒரு கட்டி தென்பட்டிருக்கு. பாக்கு அளவு, கெட்டியா இருக்கு, தொட்டா பிள்ளை அழல்ல. இப்ப அது கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்குன்னு தாய் பயப்படுறாங்க. ரெண்டு கையும் ரெண்டு காலும் நல்லா ஆட்டுது. காய்ச்சல் இல்ல. வலது மார்பில பால் குடிக்க மறுக்குது, இடது மார்பில சரியா குடிக்குது.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் திகதி குடுத்திருக்காங்க, அதுக்கு இன்னும் 3 வாரம் இருக்கு. அதுவரைக்கும் சும்மா இருக்கிறதா, ஏதாவது தொடங்கலாமா? பாட்டி, உரம் விழுந்திருக்கு, சீலையில போட்டு உருட்டி உரம் எடுக்கணும்னு நிக்கிறாங்க. பகல் முழுக்கப் பிள்ளை தொட்டில்லதான் கிடக்கு. பிரசவ லீவு முடிஞ்சு தாய் மலைக்கு வேலைக்குப் போனா நாங்க மடுவத்தில என்னென்ன கவனிக்கணும்? கடைசியில ஒப்பரேஷன்தான்னு பக்கத்து லயத்தில (தோட்டத்து வரிசை வீடுகள்ல) யாரோ சொல்லி வச்சிருக்காங்க, அது உண்மையா?

---

இயன்மருத்துவம்_பதுளை எழுதியது:

மிஸ், நீங்க தந்த விபரம் பிறவிக் கழுத்துத் தசை இறுக்கத்துக்கு நல்லாப் பொருந்துது. காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பிலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் சாய்வா ஒரு தசை இறங்குது. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்னு பேரு. வலது பக்கத் தசை குட்டையாகிட்டா தலை வலப் பக்கம் சாயும், நாடி (மோவாய்) இடப் பக்கம் திரும்பும். வயித்துக்குள்ள இட நெருக்கடி, தலைப்பிள்ளை, கால் கீழ்ப்பக்கம் இருந்தது, ஆயுதம் போட்டு எடுத்தது எல்லாம் இதோட சேந்து வர்ற காரணங்கள். தாய் தூக்கின முறையாலயோ படுத்த முறையாலயோ வந்ததில்ல. அந்தக் குற்ற உணர்ச்சியை முதல்ல எடுத்துவிடுங்க.

கட்டி அந்தத் தசைக்குள்ள உருவான நார்த்திசு. பிறந்து 2 லிருந்து 4 வாரத்துக்குள்ள தென்படும், சில வாரம் பெருக்கும், பிறகு மெதுவா வத்தும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 லிருந்து 8 மாசத்துக்குள்ள கைக்குத் தட்டுப்படாமப் போயிடும். இது புற்றுநோய் இல்ல. உறுதிப்படுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், அதில ஊசியோ கதிர்வீச்சோ கிடையாது. பயிற்சி தொடங்கின முதல் வாரங்கள்ல கட்டி பெருத்தா, பயிற்சியாலதான் பெருத்துச்சுன்னு நினைச்சு நிறைய வீடுகள்ல நிறுத்திடுறாங்க. அது தன் பாட்டுக்குப் பெருக்கிற காலம், அவ்வளவுதான். கட்டியை அமுக்கவோ தேய்க்கவோ வேணாம், அதால எந்தப் பலனும் இல்ல.

மூணு வாரம் சும்மா காத்திருக்காதீங்க. இந்த வைத்தியத்தில எல்லாத்தையும் விட முக்கியம், எந்த வயசில தொடங்கினோம்கிறதுதான். ஒரு மாசத்துக்குள்ள தொடங்கின பிள்ளைகள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றரை மாசத்தில கழுத்து வழமைக்கு வந்திடுது. ஒரு மாசம் தாண்டித் தொடங்கினா சுமார் 6 மாசம் எடுக்குது. 6 மாசம் தாண்டினா 9, 10 மாசம் இழுக்கும், முழுசாச் சரியாகிற பிள்ளைகளும் குறைவு. 7 வாரம் இன்னும் நல்ல வயசு. கிளினிக் கொப்பியை எடுத்துக்கிட்டு நாளைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குப் போகச் சொல்லுங்க. காறை எலும்பு, கழுத்தெலும்பு, கை அசைவு மூணையும் பாத்திட்டு, இயன்மருத்துவப் (ஃபிசியோதெரபி) பிரிவுக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேக்கலாம்.

டொக்டர் பாக்கிறதுக்கு முன்னாலயே தொடங்கக்கூடியது ஒண்ணு: பிள்ளையைத் தானா வலப் பக்கம் திரும்ப வைக்கிறது. டொக்டர் பாத்து, நீட்டலாம்னு சொன்ன பிறகு தொடங்க வேண்டியது இன்னொண்ணு: நம்ம கையால தசையை நீட்டுறது. இந்த வரிசையை மாத்தாதீங்க. காறை எலும்பு முறிஞ்சிருந்தாலோ, கழுத்தெலும்பு பிறவியிலேயே ஒட்டியிருந்தாலோ, டவுன் சின்ட்ரோம் இருந்தாலோ நீட்டுறது ஆபத்து.

முதல்ல, தானா திரும்ப வைக்கிறது. லயத்துக் காம்பராவில வெளிச்சம் வர்றது பெரும்பாலும் வாசல் ஒண்ணாலதான், அது நமக்கு வசதி. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கும்போது அதோட இடது பக்கம் சுவர் இருக்கணும், வலது பக்கம் வாசலும் ஆட்களும் இருக்கணும். கட்டில் நகர்த்த இடமில்லன்னா பிள்ளையோட தலைமாட்டைக் கால்மாடா மாத்துங்க. பேசுறது, கிலுகிலுப்பை ஆட்டுறது, நெப்பி மாத்த வர்றது எல்லாம் வலப் பக்கத்திலிருந்து. தூக்கி வச்சிருக்கும்போது தாயோட இடது தோள்ல போடணும். அப்ப தாயோட தலை பிள்ளைக்கு இடப் பக்கத்தை மறைக்கும், பிள்ளை வலப் பக்கம் திரும்பித்தான் வெளிய பாக்கணும்.

முழிச்சிருக்கிற நேரத்தில குப்புறப் போடுறது கட்டாயம். தொடக்கத்தில 2, 3 நிமிஷமா ஒரு நாளைக்கு 6, 7 தடவை. பிறகு மெதுவாக் கூட்டிக்கிட்டே போய், நாள் முழுக்கச் சேத்து 30 நிமிஷத்துக்குக் குறையாம வரணும். நெஞ்சுக்குக் கீழ ஒரு துவாயைச் சுருட்டி வச்சு, ரெண்டு முழங்கையும் முன்னால வர்ற மாதிரி வைங்க. சிமெந்துத் தரை குளிரும், அதனால பாய் மேல ரெண்டு மடிப்புக் கம்பளி போதும். மெத்தை வேணாம், அமுங்கிற இடத்தில பிள்ளை தலையைத் தூக்காது. தூங்கும்போது மட்டும் எப்பவும் மல்லாக்கத்தான்.

இனி நீட்டுறது. ரெண்டே அசைவுதான், ரெண்டுக்கும் ரெண்டு பேர் இருந்தா நல்லது.

முதல் அசைவு திருப்புறது. பிள்ளை மல்லாக்க இருக்க, ஒருத்தர் இடது தோளை உள்ளங்கையால மெதுவா விரிப்போட சேத்துப் பிடிக்கணும். மத்தவர் தலைமாட்டில இருந்து, ஒரு கையால பின்னந்தலையை ஏந்தி, மத்தக் கையை இடது கன்னத்தில வச்சு, நாடி வலது தோளை நோக்கிப் போற மாதிரித் திருப்பணும். கன்னத்திலதான் கை இருக்கணும், தாடையில இல்ல.

ரெண்டாவது சாய்க்கிறது. முகம் நேரா கூரையைப் பாக்கணும். உதவிக்கு நிக்கிறவர் வலது தோளைக் கீழ பிடிச்சிருக்க, நீங்க ரெண்டு கையாலயும் தலையை ஏந்தி, இடது காது இடது தோளை நோக்கிப் போற மாதிரிச் சாய்க்கணும். தலை முன்னுக்கு மடியக்கூடாது, முகம் திரும்பக்கூடாது.

ரெண்டிலயும் இறுக்கம் கைக்குத் தெரியிற இடத்தில நிறுத்தி, அங்கயே பிடிச்சிருக்கணும். முதல் வாரம் 10 விநாடி, பிறகு பழகப் பழக 30 விநாடி வரைக்கும். ஒவ்வொரு அசைவும் 3 லிருந்து 5 தடவை. இதை ஒரு நாளைக்கு 4, 5 நேரம் செய்யணும். உங்க இயன்மருத்துவர் வேற எண்ணிக்கை சொன்னா அதுதான் கணக்கு, அவர் பிள்ளையைத் தொட்டுப் பாத்துச் சொல்றவர். பால் குடிச்சு அரை மணித்தியாலமாவது போகணும். பிள்ளை எதிர்த்துத் தள்ளினா விட்டிடுங்க. பலத்தைக் கூட்டினா அது தசையை இறுக்கிக்கிட்டு எதிர்க்கும், நீட்டல் நடக்காது. முகம் நிறம் மாறினாலோ மூச்சு மாறினாலோ உடனே நிறுத்தணும். கழுத்தில 'டக்'னு ஒரு சத்தமோ வெட்டோ கைக்குத் தெரிஞ்சா அன்னிக்கு நிறுத்திட்டு டொக்டர்கிட்டக் காட்டணும்.

நான் பாக்கிறதில அடிக்கடி பிழைக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, தோளைப் பிடிக்காம விடுறது. தலை போற பக்கமே உடம்பும் சாஞ்சு போகும். பாக்கிறவங்களுக்கு நல்லா நீட்டின மாதிரித் தெரியும், தசை ஒரு நூல்கூட நீண்டிருக்காது. ரெண்டாவது, பக்கம் மாறிப் போறது. தலைமாட்டில நிக்கிறவருக்கும் கால்மாட்டில நிக்கிறவருக்கும் வலது இடது குழம்பும். பிள்ளையோட வலது கையில மட்டும் கறுப்பு வளையலைப் போட்டு விடுங்க. 'நாடி வளையல் பக்கம், சாயிறது வளையல் இல்லாத பக்கம்'னு வீட்டில எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா குழப்பம் வராது.

---

மிட்வைஃப்_மஸ்கெலியா எழுதியது:

தங்கச்சி, சேர் சொன்னதோட நான் வீட்டு விசயம் மட்டும் சொல்றேன்.

உரம் எடுக்கிறதை எப்படியாவது நிப்பாட்டுங்க. சீலையில போட்டு உருட்டும்போது தலையை யாரும் தாங்கிப் பிடிக்கிறதில்ல. 7 வாரப் பிள்ளைக்குக் கழுத்து நிக்காது, திடீர்னு இழுபட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. இது சுளுக்கும் இல்ல. தசை குட்டையாகிக் கிடக்கு, ஒரு உருட்டில அது நீளாது. ஆனா பாட்டியை ஒதுக்கி வச்சா வேலை நடக்காது, பகல்ல பிள்ளையோட இருக்கப் போறது அவங்கதான். 'நீங்க சொன்ன மாதிரிக் கழுத்திலதான் கோளாறு, ஆனா ஒரு நாள் எடுக்கிறதுக்குப் பதிலா தினம் கொஞ்சங் கொஞ்சமா எடுக்கணும், நீங்கதான் தோளைப் பிடிக்கணும்'னு சொல்லி வேலையை அவங்க கையில குடுங்க. இயன்மருத்துவரைப் பாக்கப் போகும்போது தாய்கூடப் பாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறது நல்லது. செஞ்சு காட்டும்போது நேர்ல பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

பால் விசயம். வலது மார்பில குடிக்க மறுக்கிறதுக்குக் காரணம் பால் இல்லாம, கழுத்தா இருக்கலாம். இடது மார்பில வழமை போல மடியில குறுக்கப் போட்டுக் குடுக்கும்போது பிள்ளை வலப் பக்கம் லேசாத் திரும்பித்தான் குடிக்குது, அது நமக்கு வேணும், அப்படியே தொடரட்டும். வலது மார்புக்கு மடியில குறுக்கப் போடாம, வலது கக்கத்துக்குக் கீழ பிள்ளையை வச்சு, கால் தாயோட முதுகுப் பக்கம் போற மாதிரிப் பிடிக்கச் சொல்லுங்க. தலைகாணி ஒண்ணை மடிச்சுக் கைக்குக் கீழ வச்சா உயரம் சரியா வரும். இப்படிப் பிடிச்சா அந்தப் பக்கமும் முகம் வலது நோக்கித்தான் திரும்பும். சிசேரியன் காயத்துல பாரமும் படாது. ஒரு மார்பில மட்டும் குடுத்துக்கிட்டே போனா மத்ததில பால் கட்டும், பிறகு குறையும். அதுக்கு விட வேணாம்.

தொட்டில் பத்தி. சீலைத் தொட்டில்ல பிள்ளை வளைஞ்சு கிடக்கும், தலை சாஞ்ச பக்கமே மேலும் சாயும், ரெண்டு பக்கமும் சீலை மறைக்கிறதால திரும்பிப் பாக்கவும் ஒண்ணும் இருக்காது. பகல் முழுக்க அதுல கிடந்தா, அஞ்சு நேரம் நீட்டினதெல்லாம் வீணாப் போகும். அடுப்பு வேலை, தண்ணி வேலை இருக்கிற வீட்டில தொட்டிலே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆட்டித் தூங்க வைக்க மட்டும் பாவிச்சு, கண் அசந்ததும் எடுத்துச் சமமான இடத்தில மல்லாக்கப் போடச் சொல்லுங்க. தூங்கின பிறகு தலையை மெதுவா வலப் பக்கம் திருப்பி விடலாம், பெரும்பாலும் முழிக்காது. கடுகுத் தலைகாணி, சுருட்டின துணி எதையும் தூக்கத்தில தலைக்குப் பக்கத்தில வைக்க வேணாம். மூச்சு முட்டுற ஆபத்து இருக்கு.

நம்ம ஊர்க் குளிருக்குப் பிள்ளையைக் கையும் காலும் நீட்டி இறுக்கிச் சுத்தி வைக்கிற பழக்கம் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அது ரெண்டு விதத்தில கூடாது. தோள் இறுகினா கழுத்து திரும்பாது. கால் நேரா இறுகினா இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். மேலுக்கு ரெண்டு மெல்லிய சட்டை, காலுக்கு மேஸ் (காலுறை), அதுக்கு மேல தளர்வா ஒரு போர்வை போதும். தவளை மாதிரிக் காலை மடிச்சு விரிக்க இடம் இருக்கணும். நாடிக்குக் கீழ கயிறு கட்டுற கம்பளித் தொப்பியை நீட்டுற நேரத்தில கழட்டிடுங்க. முடிச்சு உறுத்தினா பிள்ளை கழுத்தைச் சுருக்கும்.

நீட்டுறதுக்கு நல்ல நேரம் குளிப்பாட்டின பிறகு. கதவைச் சாத்தி, சுடுதண்ணியில குளிப்பாட்டி, நல்லாத் துவட்டி, உள்சட்டை போட்டதும் செய்யலாம். கையைத் தேச்சுச் சூடாக்கிக்கிட்டுத் தொடணும், குளிர்ந்த கை பட்டதுமே பிள்ளை தோளைத் தூக்கிக்கும். எண்ணெய் தேய்க்கிற வீடா இருந்தா நீட்டி முடிச்ச பிறகு தேய்க்கட்டும். முன்னாலயே தேச்சா தலை கையில வழுக்கும். கழுத்து மடிப்பில வலப் பக்கம் பால் தங்கிப் புண்ணாகும், அதைத் தினம் விரிச்சுத் துடைச்சுக் காய வைக்கணும். அந்தப் புண் எரியிறதாலயே சில பிள்ளைகள் நீட்ட விடாம அழும்.

---

ஹட்டன்_மடுவம் எழுதியது:

ரொம்ப நன்றி சேர், அக்கா. இன்னிக்குக் காலையில வெளிநோயாளர் பிரிவில காட்டியிருக்காங்க. காறை எலும்பு சரி, நீட்டலாம்னு சொல்லி, கழுத்து ஸ்கேனுக்கும் இயன்மருத்துவத்துக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க. இடுப்பைப் பத்தி ஒண்ணும் எழுதல்ல.

இன்னும் ரெண்டு விசயம். பின்னந்தலை இடப் பக்கம் தட்டையா இருக்கு, இடது காது கொஞ்சம் முன்னுக்கு வந்த மாதிரித் தெரியுது. அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கா? மடுவத்தில பகல்ல ரெண்டு பேர் ஒரே பிள்ளையோட நிக்க முடியாது, ஆயம்மா ஒருத்தர்தான். தனியா ஒருத்தர் செய்யிற முறை இருந்தா சொல்லுங்க.

---

சிறுவர்நலம்_கண்டி எழுதியது:

இடுப்பைப் பற்றி எழுதாமல் விட்டதை உடனே கேட்டு வாங்குங்கள். பெண் பிள்ளை, தலைப்பிள்ளை, கால் கீழ்ப்பக்கம், அதோடு கழுத்து இறுக்கம். இந்த நான்கும் சேர்ந்த பிள்ளைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். கையால் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, இடுப்பு ஸ்கேன் வேண்டும். சரியான வயது சுமார் 6 வாரம், இப்போது 7. கழுத்து ஸ்கேன் செய்யும் அதே நாளில் இடுப்பையும் பார்க்கும்படி துண்டில் எழுதித் தரச் சொன்னால் தாய்க்கு இன்னொரு பஸ் பயணம் மிச்சம். நான்கு, ஐந்து மாதம் தாண்டிவிட்டால் ஸ்கேனை விட எக்ஸ்ரேதான் தெளிவாகக் காட்டும். இடுப்புக் கோளாறு சில மாதத்துக்குள் பிடிபட்டால் பட்டிகளால் ஆன ஒரு கட்டுப் போட்டே சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒப்பரேஷன்.

தலை சாய்வு எல்லாமே தசை இறுக்கம் அல்ல. இந்தப் பிள்ளைக்கு இப்போது அந்த அறிகுறிகள் இல்லை என்றாலும், இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்து சில மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று சாய்வது, காய்ச்சலோடு சாய்வது, இன்றைக்கு வலம் நாளைக்கு இடம் என்று பக்கம் மாறுவது, விடாத வாந்தி, சோம்பல், கண் ஆடுவது, ஒரு கை அசையாதது, கட்டி நிறம் மாறி வேகமாகப் பெருப்பது, கட்டி அந்தத் தசையில் இல்லாமல் வேறு இடத்தில் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டும். கழுத்து குட்டையாக, பின் மயிர்க்கோடு தாழ்ந்து இருந்தால் எலும்புக் கோளாறா என்று எக்ஸ்ரே எடுப்போம். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியும் தலை சாய்ந்தே இருந்தால் கண் தசையைச் சோதிக்க வேண்டும். இரட்டையாகத் தெரிவதைத் தவிர்க்கப் பிள்ளை தலையைச் சாய்த்துக்கொள்ளும். அதற்கு எத்தனை மாதம் கழுத்தை நீட்டினாலும் பயனில்லை.

ஒப்பரேஷன் பற்றி. காலத்தோடு தொடங்கி ஒழுங்காகச் செய்த பிள்ளைகளில் 90 வீதத்துக்கு மேல் அது இல்லாமலே சரியாகிவிடும். கட்டி உள்ள பிள்ளைகளுக்கு நாள் கூடுதலாக எடுக்கும் என்பதை மட்டும் தாயிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இடையில் மனம் தளராமல் இருப்பார்கள். குறைந்தது 6 மாதம் முறையான பயிற்சிக்குப் பிறகும் இரண்டு பக்கத் திருப்பத்துக்கும் இடையே 15 பாகைக்கு மேல் வித்தியாசம் நின்றால், அல்லது ஒரு வயது தாண்டியும் இறுகிய கயிறு போன்ற தசை கைக்குத் தட்டுப்பட்டால்தான் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவோம். இந்தப் பகுதியிலிருந்து பெரும்பாலும் கண்டிக்கோ பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ போக வேண்டியிருக்கும். முழு மயக்கத்தில், காறை எலும்புக்குச் சற்று மேலே சிறு வெட்டுப் போட்டு, தசையின் கீழ் முனையை விடுவிப்பார்கள். இறுக்கம் கடுமையாக இருந்தால் காதுக்குப் பின்னால் உள்ள மேல் முனையையும் விடுவிப்பார்கள். அதன் பிறகும் சில மாதம் இதே நீட்டல் பயிற்சி உண்டு. அதைச் செய்யாவிட்டால் தழும்பு இறுகிப் பழையபடி சாயும். பள்ளிக்கூட வயது வரை தள்ளிப் போட்டால் முகம் ஒரு பக்கம் சிறுத்து வளர்ந்திருக்கும், அது முழுதாகத் திரும்பி வராது.

போட்டொக்ஸ் ஊசி (தசையைத் தளர்த்தும் மருந்து) பயிற்சிக்குச் சரிவராத சில பிள்ளைகளுக்கு நிபுணர்கள் மட்டும் யோசிப்பது. விழுங்குவதில் சிரமம் வரலாம், ஏழு வாரப் பிள்ளைக்கு அந்தப் பேச்சே இல்லை. கழுத்துப் பட்டியும் இப்போது வேண்டாம். 4 மாதம் கடந்து, தலை நின்ற பிறகும் சாய்வு விடாவிட்டால் இயன்மருத்துவர் முடிவெடுப்பார். கடையில் வாங்கிய பஞ்சுப் பட்டியைப் போட்டால் பிள்ளை அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருக்கும், தசை வேலை செய்யாது. கழுத்தைச் சொடக்கி எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

---

இயன்மருத்துவம்_பதுளை எழுதியது:

தலை தட்டையா இருக்கிறதுக்குக் காரணம் அதே கழுத்துதான். முகம் இடப் பக்கமே இருக்கிறதால பின்னந்தலையோட இடப் பக்கம் படுக்கையில அழுந்துது, அந்தப் பக்கக் காது முன்னுக்குத் தள்ளுப்படுது. தூங்கும்போது முகத்தை வலப் பக்கம் திருப்பி விடுறதும் முழிச்சிருக்கிறப்பக் குப்புறப் போடுறதும் தலைக்கும் சேத்து வைத்தியம். மண்டை வேகமா வளர்ற முதல் 6 மாசத்துக்குள்ள பாரம் மாறிட்டா தட்டை பெருமளவு நிரம்பிடும். கையால அமுக்கி உருவம் பிடிக்கிற வேலை வேணாம். மாசம் ஒரு தடவை உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. தினம் பாக்கிறவங்களுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில தெரியும். 5, 6 மாசத்திலயும் தட்டை கடுமையா நின்னா டொக்டர்கிட்டக் கேக்கலாம்.

தனியா ஒருத்தர் செய்யிறதுக்குத் தூக்கி வச்சே நீட்டுற முறை இருக்கு. பிள்ளையோட முதுகு உங்க நெஞ்சில படுற மாதிரி, முகம் வெளிய பாக்கிற மாதிரித் தூக்குங்க. அப்படியே பிள்ளையோட வலப் பக்கம் கீழ வர்ற மாதிரிச் சாய்ச்சுப் படுக்க வைங்க. தலை உங்க வலது கைப் பக்கம் வரும். வலது முன்னங்கையைப் பிள்ளையோட வலது காதுக்கும் வலது தோளுக்கும் நடுவில குடுத்து, தலையை மெதுவா மேல் நோக்கித் தாங்குங்க. இடது கையைக் காலுக்கு நடுவால விட்டு உடம்பைப் பிடிச்சுக்கணும். பிள்ளையோட சொந்தப் பாரமே தோளைக் கீழ இழுக்கும், அதனால தோள் பிடிக்க இன்னொருத்தர் தேவையில்ல. முன்னங்கை தொண்டையில அழுத்தாம, கன்னத்துக்கும் காதுக்கும் கீழதான் இருக்கணும். 1, 2 நிமிஷத்தில தொடங்கி, பிள்ளை பழகினதும் 5 நிமிஷம் வரை போகலாம். இஸ்தோப்பில (முன் திண்ணையில) நடந்துக்கிட்டே இதைச் செய்யலாம், வெளியில பாத்துக்கிட்டு வர்றதால பிள்ளை பெரும்பாலும் அழாது. ஆயம்மாவும் பாட்டியும் தனியா இருக்கும்போது இது போதும். ரெண்டு பேர் வேணும்னு நான் முதல்ல சொன்னதைக் காலையில தாய் மலைக்குப் போறதுக்கு முன்னாலயும் இரவிலயும் வீட்டில செய்யட்டும்.

மடுவத்தில கையால நீட்டுறதை ஒருத்தர் மட்டும் பொறுப்பெடுங்க, அவரை இயன்மருத்துவர்கிட்ட நேர்ல பழக்கி எடுங்க. நாலு கை மாறினா நாலு விதமா இழுப்பாங்க. ஆனா படுக்க வைக்கிற முறை எல்லாருக்கும் தெரியணும். பிள்ளையோட பாய்க்கு மேல சுவர்ல ஒரு தாள் ஒட்டி, 'வலப் பக்கம் திரும்ப வைக்கவும், இடது தோளில் தூக்கவும், முழிச்சிருந்தால் குப்புற' இது மூணையும் பெருசா எழுதி விடுங்க. தாய் பால் குடுக்க மடுவத்துக்கு வரும்போது, குடுக்கிறதுக்கு முன்னால ஒரு சுற்று நீட்டினா நேரமும் வீணாகாது, பாலும் கக்காது.

3, 4 மாசத்தில தலை ஓரளவு நின்னதும் பலப்படுத்துற பயிற்சியைச் சேக்கணும். நெஞ்சைச் சுத்திப் பிடிச்சு நிமித்தி வச்சு, உடம்பை மெதுவா வலப் பக்கம் சாய்ங்க. தலையை நேராக்கப் பிள்ளை இடப் பக்கக் கழுத்துத் தசையால இழுக்கும். மாசக்கணக்கில வேலையில்லாம இருந்த தசை அது. தலையைத் தூக்கிப் பிடிக்கிற கணம் வரைக்கும் சாய்ச்சு, 5 விநாடி வச்சு, நிமித்தணும். தலை தொங்கிப் போனா அதிகமாச் சாய்ச்சிட்டீங்கன்னு அர்த்தம். இறுக்கம் விட்ட பிறகும் பல பிள்ளைகளுக்குச் சாய்வு நிக்கிறது இந்தப் பலவீனத்தாலதான். கழுத்து திரும்புதே, போதும்னு 3 மாசத்தில நிறுத்திடுற வீடுகள்ல 6 மாசத்தில பிள்ளை உக்காரும்போது சாய்வு மறுபடி தெரியும்.

எப்ப நிறுத்தலாம்னு கேப்பீங்க. கைக்குழந்தைக்குக் கழுத்து ஒவ்வொரு பக்கமும் 100 லிருந்து 110 பாகை திரும்பும், அதாவது நாடி தோளையும் கொஞ்சம் தாண்டும். ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 5 பாகைக்குள்ள வரணும். தானா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்பணும், உருளுறது ரெண்டு பக்கமும் நடக்கணும், வலது கையையும் இடது கையையும் ஒரே அளவு பாவிக்கணும், சாய்வு கண்ணுக்குத் தெரியக்கூடாது. இவ்வளவும் வந்ததும் இயன்மருத்துவர் நிறுத்தச் சொல்வார். அதுக்குப் பிறகும் காய்ச்சல், களைப்பு நேரத்தில லேசாச் சாயலாம், ஒரு கிழமைக்குள்ள மாறிடும். மாறல்லன்னா திரும்பக் காட்டணும். எப்படியும் பிள்ளை நடக்கத் தொடங்கினதும் ஒரு தடவை காட்டச் சொல்லிக் கிளினிக் கொப்பியிலயே இப்பவே எழுதி வச்சிடுங்க.